வடை மாலை தின்ற தாசில்தார்

பிராணிகள் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது அனுபவம் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. வீட்டில் நான் பேசுவதைக் கேட்க ஆளில்லை. இருக்கிற ஒரே ஆள் என் கணவர். நான் வாயைத் திறந்தால் அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறார். எங்கள் வீட்டுத் தோட்டம் தெருவிலேயே செழிப்பான தோட்டம்.

ஊசியை எந்த இடத்தில் போடுவது, கூண்டை எதைக் கொண்டு கழுவுவது என்பதையெல்லாம் டாக்டர் சொல்லித்தருவார். நான் அதற்குள் போகவில்லை. நல்லதென்று நினைத்துச் செய்த ஒரு காரியம் கண்ணெதிரே கோணிக்கொண்டு போகும்போது, கூடியிருக்கிற நூறு பேர் நம் முகத்தையே பார்க்கும்போது, வாயிலிருந்து என்ன வார்த்தை வர வேண்டும் என்பதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் தாசில்தாரில் ஆரம்பிக்க வேண்டும்.

தாசில்தார் ஒரு கறுப்பு நாய். வரப்பில் நடக்கும்போது நிலத்தைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி நின்று நின்று, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கும். பட்டா மாறுதலுக்கு அலைகிறவர்கள் மாதிரி மற்ற நாய்கள் பின்னாலேயே போகும். பெயர் தானாக வந்துவிட்டது.

அப்போது நீடாமங்கலத்துக்கு வெளியே, ரயில்வே கேட்டைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் நம் காப்பகம் இருந்தது. நாய்களும் பூனைகளும் வந்துகொண்டே இருக்கும், போவதுதான் குறைவு. நெல் விளைகிற ஊரில் ஒரு நாய்க்குச் சோறு போட யாரும் யோசிப்பதில்லை. யோசிப்பதெல்லாம் ஊசிக்குத்தான். கடித்துவிட்டால் வெறிநோய் வந்துவிடுமோ என்று ஒரு பயம். ஆசையாகக் கொண்டுபோகிற குட்டி பிழைக்குமோ பிழைக்காதோ என்று இன்னொரு பயம். இந்த இரண்டையும் தாண்டி நம் வாசலுக்கு வருகிறவர்கள் அபூர்வம். வருகிறவர்களுக்கும் தடுப்பூசி போட்ட குட்டியைக் கொடுக்க எங்களிடம் வசதியில்லை. சோற்றுக்கும் கூலிக்கும்தான் நன்கொடை சரியாக இருக்கும்.

ஒரு ஐப்பசி மழையில் பார்வோ வந்தது. குட்டிகளின் குடலை அரிக்கிற நோய். காலையில் வாலாட்டிய குட்டி மாலையில் தலையைத் தூக்காது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் மன்னார்குடிச் சாலையில் ஒரு வீட்டுக்கு ஒரு வெள்ளைக் குட்டியைக் கொடுத்திருந்தோம். அந்த வீட்டுக்காரர் திரும்பி வந்தார். கையில் நாங்கள் கொடுத்த கழுத்துப்பட்டை மட்டும் இருந்தது. அதை என் மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "குட்டி போனதுலேருந்து எம் புள்ள சாப்பிட மாட்டேங்குதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை.

பிறகுதான் கயல்விழி வந்தார். பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பெண். எங்கள் பிராணிகள் எல்லாவற்றுக்கும் ஓர் ஆண்டுத் தடுப்பூசிச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மனசு தாராளம், பேச்சு மட்டும் கறார்.

"ஊசி போட்டுட்டு நீங்களே வச்சுக்கறதுக்கு நான் பணம் தரல மேடம். அதுங்க வீட்டுக்குப் போகணும். போகுதுன்னா அடுத்த வருஷமும் தர்றேன். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கறேன்."

"போட்டோ அனுப்பறோங்க."

"போட்டோ வேணாம். எந்த நாயையும் எந்த வீட்டு வாசல்லயும் நிக்க வச்சு எடுக்கலாம். நானே வந்து பாக்கறேன்."

அடுத்த ஆண்டு ஊசி இல்லையென்றால் அடுத்த மழைக்கும் குட்டிகள் செத்துப்போகும். அது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அதனால் ஊசி போட்டு முடித்ததும், அவர் வருவதற்குள் எப்படியாவது பிராணிகளை வீடு சேர்த்துவிட வேண்டும் என்று நீடாமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வளாகத்தில் தத்து முகாம் வைத்தோம்.

இங்கேதான் மஞ்சள் வருகிறது. நம்மிடம் இருந்த நாய்களில் முக்கால்வாசி ஒரே செம்பழுப்பு. எது ஊசி போட்டது, எது அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. பெயின்ட் அடித்தால் தும்மின. கழுத்துப்பட்டை கட்டினால் ஒன்றின் பட்டையை இன்னொன்று மென்று தின்றது. கடைசியில் டாக்டர், ஊசி போட்டதற்கெல்லாம் நெற்றியில் மஞ்சள் பூசிவிடலாம் என்றார். மஞ்சள் உடம்புக்குக் கெடுதல் இல்லை, வீட்டிலேயே இருக்கிறது, நன்றாகத் தெரியும். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

முகாமன்று நான் போய்ச் சேர்வதற்குள் பூசும் வேலையைத் தெய்வானை முடித்திருந்தார். நாய்களுக்குச் சோறாக்குகிற தெய்வானை கை சுத்தமானவர், மனசும் சுத்தம். ஆனால் மஞ்சள் என்று ஒன்றைக் கண்டால் அவரால் அதோடு நிறுத்த முடியாது. எல்லா நாய்களின் நெற்றியிலும் மஞ்சளுக்கு நடுவில் வட்டமாகக் குங்குமம் இருந்தது.

"என்ன தெய்வானை இது?"

"மஞ்சளை மட்டும் வச்சா மூளியா இருக்குதுக்கா. ஸ்டவ்வுக்கு வைக்கிறோம், ஸ்கூட்டருக்கு வைக்கிறோம். வாயில்லா ஜீவன், அதுக்கு வைக்கக் கூடாதா?"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. முந்தின நாள் அந்த மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்திருக்கிறது. மீந்துபோன சம்பங்கி மாலை ஒன்று வாளியில் கிடந்திருக்கிறது. நாய்கள் பார்க்க லட்சணமாக இருந்தால்தானே யாராவது கேட்பார்கள் என்று அதை எடுத்துத் தாசில்தார் கழுத்தில் போட்டுவிட்டார். தாசில்தாரும் பதவி உயர்வு வந்ததைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு உகந்த நாள். நாங்கள் முகாமுக்கு நாள் குறித்தபோது டாக்டருக்கு என்றைக்கு வசதி, மண்டபம் என்றைக்குக் காலி என்று பார்த்தோமே தவிர, காலண்டரில் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மண்டபமோ சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்தது. பைரவர் சன்னிதிக்கு வடை மாலையும் மிளகு விளக்குமாகப் போகிற ஜனம் அத்தனையும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பைரவரின் வாகனம் நாய் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஓர் அம்மாள் நின்றார். கறுப்பு நாய், நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் மாலை, அஷ்டமி. கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் செருப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் வரிசையே நின்றுவிட்டது. நானும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, முகாமுக்காக நாங்கள் ஊரெல்லாம் கொடுத்த துண்டறிக்கை வேலை செய்துவிட்டது என்று பூரித்துப்போய் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து பார்த்தால் ஒருவர் தாசில்தார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். பெயர் கோவிந்தராசு என்று பிறகு தெரிந்தது. தாசில்தார் அவர் உச்சந்தலையை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. "ஆசீர்வாதம் பண்ணுது," என்றது கூட்டம். ஆசீர்வாதம் வாங்கினவர் எழுந்து, கோயிலுக்கென்று கொண்டுபோன வடை மாலையை அப்படியே தாசில்தாருக்குப் போட்டுவிட்டார்.

தாசில்தார் குனிந்து முகர்ந்து பார்த்தது. பிறகு தன் மாலையைத் தானே சாப்பிட ஆரம்பித்தது. "சாமி ஏத்துக்கிட்டாரு," என்று ஒரு குரல். அவ்வளவுதான், மற்றவர்களும் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். எல்லா நாய்க்கும் வடை. எண்ணெய்ப் பலகாரம் ஆகாது, வயிறு கெட்டுவிடும் என்று டாக்டர் ஒவ்வொரு நாயாக ஓடி ஓடி வாயிலிருந்து வடையைப் பிடுங்கினார். படையலைப் பறிக்கிற பாவி என்று ஜனங்கள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கே பயமாக இருந்தது.

கூட்டம் என்னவோ பெருங்கூட்டம். ஆனால் ஒருவரும் ஒரு நாயைக்கூடக் கேட்கவில்லை. ஒருவரிடம் நானே போய், "இந்தச் செவலைய வீட்டுக்குக் கொண்டு போறீங்களா?" என்று கேட்டேன். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"சாமிக்கு நேந்துவிட்டதை வீட்டுல கட்டலாமுங்களா? குடும்பத்துக்கு ஆவுமா?"

பூனைகளின் கதை வேறு. அவற்றுக்கும் தெய்வானை மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். பூனைக்கு எதையாவது பூசி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கையை நக்கி நெற்றியைத் துடைத்து, திரும்ப நக்கித் திரும்பத் துடைத்து, நான் பார்ப்பதற்குள் அத்தனையும் வெறும் பூனைகளாக உட்கார்ந்திருந்தன. தெய்வீகம் போய்விட்டதால் அவை ஒவ்வொன்றாக வீடு போய்ச் சேர்ந்தன. அறுவடைக்கு முன்னால் எலிக்குப் பயப்படாத வீடு இங்கே எது? எனக்கும் பூனைகளுக்கும் எப்போதும் ஒத்துவராது. ஆனாலும் அன்றைக்கு எங்கள் எல்லாரையும்விட அவைதான் புத்தியாக நடந்துகொண்டன.

நாய்களின் நெற்றியை நாமும் துடைத்துவிடலாம் என்று டாக்டர் துணியை எடுத்தார். நான் தடுத்துவிட்டேன். கும்பிட்டுக்கொண்டு நிற்கிற நூறு பேருக்கு முன்னால் சாமி நெற்றியிலிருந்து குங்குமத்தை அழித்தால் அதற்குமேல் நாம் என்ன சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்போதுதான் தெய்வானை என் காதருகே வந்தார்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பைரவர் கனவுல வந்தாரு, ஆளுக்கு ஒண்ணு கொண்டுபோயி வளக்கச் சொன்னாருன்னு. உச்சிப்பொழுதுக்குள்ள ஒண்ணு மிஞ்சாது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. கயல்விழியின் முகமும் அந்தக் கழுத்துப்பட்டையும் மாறி மாறிக் கண்ணில் வந்தன. ஒரு பொய், அத்தனை நாய்க்கும் வீடு. அடுத்த வருஷத்துக்கும் ஊசி. என்ன குறைந்துபோகும் என்று தோன்றியது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சாமி என்று கொண்டுபோன நாயை யார் குளிப்பாட்டுவார்கள்? செருப்பைக் கடித்தால் யார் அதட்டுவார்கள்? அடுத்த வருஷம் ஊசிக்குக் கூட்டிவரச் சொன்னால், சாமியைக் குத்துவதா என்பார்கள். நெல்லும் உளுந்தும் நன்றாக விளைகிற வரைக்கும் அது பைரவர். ஒரு போகம் பொய்த்தால் கோயில் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கும்பிடுகிறவர்கள் வேறு, வளர்க்கிறவர்கள் வேறு. நமக்கு வேண்டியது வளர்க்கிறவர்கள்.

மண்டபத்து மைக்கை வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலிமேல் ஏறினேன்.

"எல்லாரும் மன்னிச்சுக்கணும். இது சாமி நாய் இல்லைங்க. எங்க காப்பகத்து நாய். ஊசி போட்டதுக்கு அடையாளமா மஞ்சள் பூசினோம். வேற ஒண்ணும் இல்லை."

வரிசையில் முதலில் நின்ற அம்மாள் அமைதியாகச் சொன்னார்: "அதை நீங்க சொல்லக் கூடாதும்மா."

சாமி எது, சாமி இல்லாதது எது என்று மைக்கில் முடிவு செய்ய நான் யார்? அதனால் வாதத்தை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் ஊசி போடுகிற வயது வந்த ஒரு குட்டி கூடையில் இருந்தது. அதை மேசைமேல் வைத்து, எல்லாரும் பார்க்க ஊசி போடச் சொன்னேன். குட்டி ஊர் கேட்க ஒரு கத்துக் கத்தியது. டாக்டர் தொட்டு மஞ்சள் பூசினார். தெய்வானை குங்குமம் வைத்தார். கூட்டம் குட்டியைப் பார்த்தது, தாசில்தாரைப் பார்த்தது, கடைசியாகக் கோவிந்தராசுவைப் பார்த்தது. அவர் வேட்டியில் முன்பக்கம் முழுக்கச் சேறு.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தராசு காது சிவந்துபோய்த் தரையைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்க மிகவும் சங்கடமாக இருந்தது. இனி கூட்டம் கலைந்துவிடும், கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவர் மனைவி சரோஜா முன்னால் வந்தார். அதுவரை தாசில்தாருக்குப் பத்தடி தள்ளியே நின்றிருந்தவர்.

"அப்ப இதுக்கு வெறிநாய் ஊசி போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சும்மா," என்றார் டாக்டர்.

"எனக்குச் சின்ன வயசுல நாய் கடிச்சு தொப்புளைச் சுத்திப் போட்டாங்க. அதுலேருந்து நாய்னாலே ஆவாது. இவரு கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாய் வளக்கணும்னு கேக்கறாரு. நான்தான் விடல." கொஞ்சம் யோசித்தார். "இந்த ஊசி போட்டா கடிக்காதுங்களா?"

"கடிக்காம இருக்கறதுக்கு ஊசி இல்லைங்கம்மா. வெறிநோய் வராம இருக்கத்தான். யாரைக் கடிச்சாலும் சோப்பு போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், அதுல மாத்தமில்லை."

டாக்டர் இப்படி ஒளிக்காமல் சொன்னது சரோஜாவுக்குப் பிடித்திருக்க வேண்டும். குடல் நோய்க்குப் போட்டாச்சா, அடுத்த ஊசி எப்போது, அதற்குச் செலவு யாருடையது என்று வரிசையாகக் கேட்டார். ஊசிச் செலவை ஒரு பெண் ஏற்றிருக்கிறார், நீங்கள் கூட்டிவந்தால் போதும் என்றேன். நாய்கள் வீட்டுக்குப் போனால்தான் அந்தப் பெண் அடுத்த வருஷமும் தருவார் என்பதையும் மைக்கிலேயே சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது?

சரோஜா கணவரிடம் திரும்பினார். "என்ன பண்ணலாங்கறீங்க?"

கோவிந்தராசு வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஊரே பாக்கக் கும்பிட்டாச்சு. இனிமே இதைத் தெருவுல வுட்டுட்டுப் போனா எனக்குத்தான் அசிங்கம். ஆனா எடுத்தவுடனே வேணாம். நாயைப் பாத்தா ஒனக்கு இன்னும் கை நடுங்குது. ஒரு நாள் போயி உக்காந்து பழகிட்டு அப்பறம் கொண்டாரலாம்."

முப்பது வருஷமாக நாய்க்கு ஆசைப்பட்டவர், அந்த நேரத்தில் மனைவியின் கையைக் கவனித்தார். எனக்கு அவர்மேல் அந்த இடத்திலேயே மரியாதை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஜனங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஊசி போட்டதா, என்ன சாப்பிடும், ஆடு மாட்டோடு ஒத்துப்போகுமா. முன்னால் ஒதுங்கிப்போன பலபேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். செவலைகள் ஆட்டோவிலும் டி.வி.எஸ்ஸிலும் ஏறிப் போயின. சாமியை இழந்த ஏமாற்றத்தைவிட, ஊசி போட்ட நாய் கையில் கிடைக்கிறது என்கிற நிம்மதி பெரிதாக இருந்தது. அந்த மன்னார்குடிச் சாலை வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். கழுத்துப்பட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போன அதே மனிதர்தான். டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, மேசைமேல் கத்திய அந்தக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் மண்டபத்துக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

தாசில்தார்தான் கடைசி. சரோஜா காப்பகத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பழகி, பிறகுதான் கூட்டிப்போனார்.

சில வாரம் கழித்துக் கயல்விழி வந்தார். ரயில்வே கேட்டில் வெகுநேரம் மாட்டிக்கொண்டு எரிச்சலோடு வந்தவருக்கு நாங்கள் காட்டியதெல்லாம் காலிக் கூண்டுகள். வாயிலில் வந்து சேர்ந்த இரண்டு புதுக் குட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை. நான் பெருமையாக நின்றேன். அவர் முகம் மலரவில்லை.

"காலிக் கூண்டைக் காட்டவா மேடம் என்னைக் கூப்பிட்டீங்க? நாயே இல்லாமகூடக் கூண்டு வாங்கி வைக்கலாமே."

கோபம் எனக்குச் சுருக்கென்று வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வேலை நன்றாக நடந்தால் கண்ணுக்குக் காட்ட எங்களிடம் எதுவும் இருக்காது. இதை நான் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை.

"கடைசியாப் போன நாய் எது?"

"தாசில்தாருங்க."

அவருக்கு அது புரிவதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டேன். வாய்க்கால் ஓரமாகவே போய் கோவிந்தராசு வீட்டு மூங்கில் படல் முன்னால் இறங்கினோம். நான் உரிமையோடு படலில் கை வைத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு கறுப்பு உருவம் பாய்ந்து வந்தது. அப்படி ஒரு குரைப்பை நான் தாசில்தாரிடம் கேட்டதே இல்லை. படலை இடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, கழுத்து மயிரெல்லாம் நிற்கக் குரைத்தது. கயல்விழி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். "தாசில்தாரு, நான்தான்டா," என்றேன். குரல் புரிந்துவிட்டது. வால் ஆட ஆரம்பித்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. பின்பக்கம் என்னைக் கொஞ்சுகிறது, முன்பக்கம் வீட்டைக் காக்கிறது. படலைத் திறக்கிற வரைக்கும் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்தது.

சரோஜா கையில் முறத்தோடு ஓடிவந்தார். "யாரது? அய்யய்ய, நீங்களா. டேய், சும்மா இரு. உள்ள வாங்க, ஒண்ணும் பண்ண மாட்டான்." சொல்லிக்கொண்டே அதன் கழுத்தைப் பிடித்து இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். அது அப்போதும் அவர் கைக்கு மேலாக எங்களைப் பார்த்து உறுமியது.

கயல்விழி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் குரலில் கறார் இல்லை.

"அக்கா, நீங்க சோறு போட்டு வளத்த நாய்தானே? உங்களையே குரைக்குதே?"

"அதுக்குத்தாங்க நீங்க பணம் குடுத்தீங்க," என்றேன்.